பரண்மேல் சக்களத்தி

ஆகஸ்ட் 4, திங்கள்

ரோஸ்லின் சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் வந்து என் வீட்டுக்காரருக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற பெண் அவள். "தேறுறது கண்ணுக்குத் தெரியாதுங்கம்மா, எழுதி வெச்சாத்தான் தெரியும். இடது கை என்ன பண்ணுச்சுன்னு தினமும் எழுதுங்க" என்றாள். சரி, எழுதுகிறேன். இன்றைக்கு இடது கை ஒன்றும் பண்ணவில்லை. மடியில் கிடந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மடியில் கிடந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

ரோஸ்லின் இவரைக் கைதட்டச் சொன்னாள். வலது கை பாதி தூரம் வந்து காத்துக்கொண்டு நின்றது. இடது கை எழுந்திருக்கவே இல்லை. "நானென்ன பஜனையா பண்றேன், கை தட்டறதுக்கு?" என்று அந்தப் பிள்ளையிடம் எரிந்து விழுந்தார். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் மானம் போனது. மில்லில் ஃபிட்டராக இருந்தபோது இவர் கைபட்டால் ஓடாத மெஷினும் ஓடும் என்பார்கள். ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது. வாய் சரியாகிவிட்டது, கால் முக்கால்வாசி வந்துவிட்டது. கை மட்டும் முரண்டு பிடிக்கிறது. ஆளைப் போலத்தான் கையும்.

மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு. இரண்டு உருண்டை சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இவருக்கு ஒரு ஏர்கன் உண்டு. மில்லில் இருந்த பழைய மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. சீமைச் சாமான், இவர் வயதைவிட அதற்கு வயது கூட. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் மணல் மூட்டைக்கு முன்னால் கம்பி கட்டி, பிஸ்கட் டப்பா மூடிகளைத் தொங்கவிட்டு, 'டொப்', 'டொப்' என்று சுட்டுக்கொண்டிருப்பார். ஒரு காக்காய் குருவியைக் குறி வைத்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கட்டிக்கொண்டு வந்த நாள் முதலாக ஞாயிற்றுக்கிழமை எனக்கு இல்லை, அதற்குத்தான். அதனால் அதற்கு நான் வைத்த பேர் சக்களத்தி. அது இருக்கிற நேரத்தில் பொடக்காலிப் படியை நான் தாண்டமாட்டேன். பாத்திரம் விளக்குவதைக்கூட முன்பக்கம் வைத்துக்கொள்வேன்.

இன்றைக்கு அதைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் கட்டையைத் தோளில் வைத்து, இடது கையை வலது கையாலேயே தூக்கிக் குழலுக்கு அடியில் கொடுத்தார். அந்தக் கை அந்தக் கனத்தைத் தாங்கவில்லை. குழல் சரிந்து துவைக்கிற கல்லில் மோதியது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "வித்துப்போடு மயிலு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

ஆகஸ்ட் 13, புதன்

ரோஸ்லின் வந்தாள். தொடவிடவில்லை. திரும்பிப் போனாள்.

ஆகஸ்ட் 16, சனி

கோயமுத்தூர் வரதராஜுலு வந்தார். பழைய ஏர்கன்களாகச் சேர்த்து வைத்திருக்கிற மனிதர். இவருடைய துப்பாக்கியை ஒரு போட்டியில் பார்த்துவிட்டு வருஷம் தவறாமல் வந்து கேட்பார், இவரும் வருஷம் தவறாமல் காபி கொடுத்து அனுப்புவார். இந்த முறை நானே போன் போட்டு வரச்சொன்னேன். இவர் உள்ளே படுத்திருந்தார், எழுந்து வரவில்லை.

வரதராஜுலு அதை மடியில் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்த மாதிரி பார்த்தார். இந்த மாதிரி ஒன்று இனிக் கிடைக்காது, வால்நட் மரம், கம்பெனிப் பெயர் வெட்டின எழுத்துக்கூட மழுங்கவில்லை என்றெல்லாம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் சுடறதுக்குத்தான் வேணும்னா இதே அச்சுல புதுசு வந்திருக்குதுங்க அக்கா. பார்த்தா அதேதான். உள்ள அலுமினியம், ஸ்பிரிங்கும் இளக்கம். பாதி கனம் இருக்காது" என்றார். அது அவரிடம் ஒன்று இருக்கிறதாம். பழையதைக் கொடுத்தால் அதையும் தந்து, மேற்கொண்டு நியாயமாகப் பணமும் கொடுப்பாராம்.

பார்த்தால் அதேதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாளெல்லாம் யோசித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வரதராஜுலுவிடம் பேசி முடித்துவிட்டேன். விஜயதசமி வரைக்கும் புதியது என்னிடம் இருக்கும், பழையதும் என்னிடமே இருக்கும். அன்றைக்கு வருவார். பழையதைக் கொடுத்தால் புதியது எங்களுக்கு. பழையது வேண்டுமென்றால் புதியதை எடுத்துக்கொண்டு போவார். நல்ல மனிதர்தான். "அண்ணன் கண்டுபிடிச்சுட்டா என்னைத் திட்டாம பாத்துக்கோங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இவரிடம், சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறேன், ஸ்பிரிங் இறுகிக் கிடந்ததாம், அதுதான் தூக்க முடியவில்லை என்றேன். ஸ்பிரிங்குக்கும் கனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஃபிட்டர் கேட்பார் என்று பயந்தேன். ம் என்றார், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவர் தூங்குகிற நேரம் பார்த்து சமையற்கட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். புதியதன் கட்டை பளபளவென்று கல்யாண வீட்டு நாற்காலி போல இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டீத்தூளைச் சுண்டக் காய்ச்சித் தடவி, காயவிட்டு, விளக்கெண்ணெய் பூசினேன். மகள் தாரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பழையதைத் தூக்கிப்போய் ஆட்டுக்கல்லில் போட்டதில் அடிக்கட்டையில் ஒரு வெட்டு உண்டு. அரிவாள்மனை நுனியால் அதையும் போட்டேன். பழையதன் தோள் வாரைக் கழற்றி இதில் மாட்டினேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஓசூரில் இருக்கிற தாரணிக்குப் போனில் சொன்னால், "அம்மா, நீ போலிச் சாமான் கடையே வெக்கலாம்" என்கிறாள்.

சக்களத்தியை என் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம். இதையா மனுஷன் இத்தனை வருஷம் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார் என்று இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை விண்டுபோகாமல் வந்தது. நல்ல நாளாகப் பார்த்து, சர்வீசிலிருந்து வந்துவிட்டது என்று துப்பாக்கியைக் கையில் கொடுத்தேன்.

வாங்கினார். கை சட்டென்று மேலே போனது, கனம் இருக்கும் என்று நினைத்து வாங்கினார் போலிருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கட்டையைத் தடவினார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"தேத்தண்ணி வாசமடிக்குது" என்றார்.

டம்ளரைத் தட்டிவிட்டேன், துடைத்துவிட்டேன் என்றேன். பெருவிரலால் அந்த வெட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, தாரணி நினைவு வந்தது என்றார்.

பிறகு இடது கையைக் குழலுக்கு அடியில் கொடுத்தார். நடுங்கியது. ஆனால் விழவில்லை. விழவே இல்லை!

"கனம் தாங்குதுங்களா?" என்றேன்.

"தாங்குது அம்மிணி. கை தேறுது போல" என்றார்.

அம்மிணி என்று இவர் கூப்பிட்டால் மனசு குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இவர் ஏமாந்துவிட்டார். உள்ளே போய்ச் சந்தோஷத்தில் அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பொடக்காலியில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். துப்பாக்கியை மடக்கிக் குண்டு போட இவரால் முடியாது, ஒரு கை போதாது. அதனால் நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவேண்டியதாயிற்று. மடக்க வேண்டும், சின்ன ஈயக்குண்டை வைக்க வேண்டும், நிமிர்த்தித் தர வேண்டும். சோளம் உதிர்ப்பதைவிடச் சுலபம்.

முதல் குண்டு தென்னை மரத்துக்குப் போனது. சத்தம் 'டொப்' என்று வரவில்லை, 'டிக்' என்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இவரே, "படுத்துக் கிடந்ததுல காதும் மந்தமாயிருச்சு" என்றார். அப்பாடா என்று இருந்தது.

எத்தனையோ குண்டுக்குப் பிறகு ஒரு மூடி 'டிங்' என்று ஆடியது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். இவர் மூடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 3, புதன்

ரோஸ்லினைத் தொடவிட்டார். அவளோடு சண்டை போட்டுக்கொண்டே எல்லாப் பயிற்சியும் செய்தார். இடது கை: துண்டைப் பிடித்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இடது கை: டம்ளர். பாதி சிந்தியது. சிந்தட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றிருந்தது போய் இப்போது தினமும் சாயந்தரம் பொடக்காலிதான். நான் முருங்கைக் கீரை உருவுவதையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். ஒரு கொத்து உருவுவது, ஒரு குண்டு போடுவது. இவர் பேசுகிறார். மில்லில் நடந்தது, இவர் அம்மாவுக்குத் தெரியாமல் எனக்குப் பூ வாங்கி டிபன் பாக்ஸில் ஒளித்து வந்தது எல்லாம். பூவில் குழம்பு வாசம் அடிக்கும், அதையும்தான் வைத்துக்கொள்வேன். இவர் இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் பேசமாட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நல்ல மழை. பொடக்காலி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "பரண்ல இரும்புச் சாமான் ஏதாச்சும் இருந்தா எண்ணெத் துணி சுத்தி வெய்யி மயிலு. ஈரத்துக்குத் துரு ஏறிக்கும்" என்றார்.

பழைய ஸ்பானர்களைச் சொல்கிறார், அவையெல்லாம் கட்டிலுக்கடியில் அல்லவா இருக்கின்றன, மறந்துவிட்டது பாவம். ஆனால் சொன்னதும் எனக்கு உறைத்தது. இவர் கண்ணயர்ந்ததும் ஏறி, சக்களத்திக்கு எண்ணெய்த் துணி சுற்றிவிட்டு வந்தேன். என் தலையெழுத்தைப் பாருங்கள், அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. நாமம் போட்டுக்கொண்டு தளிகை போட்டோம். இடது கை: சட்டைப் பொத்தான், ஒன்று. பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வரதராஜுலு போன் செய்தார். என்ன முடிவு அக்கா என்கிறார். நான் எங்கே முடிவு செய்தேன்?

பழையதைக் கொடுத்துவிட்டால் இவர் உயிரைக் கொடுத்து வைத்திருந்த பொருளை இவருக்கே தெரியாமல் வாரிக் கொடுத்தவள் ஆவேன். வித்துப்போடு என்றார்தான், அது வாய் சொன்னது, அன்றைக்கு முகம் சொன்னது வேறு. புதியதைத் திருப்பிக் கொடுத்தால் நாளைக்குப் பழையதைக் கையில் கொடுக்கவேண்டும். அது மறுபடியும் சரியும். கனமான துப்பாக்கியைத் தூக்குகிறோம் என்கிற தெம்பில்தான் இந்தக் கை எழுந்திருக்கிறது. பொய் என்று தெரிந்தால் கை மடிக்கே போய்விடும். துண்டும் போகும், டம்ளரும் போகும், பொத்தானும் போகும்.

இன்னொன்றும் உண்டு. சாயந்தரம் போய்விடும். அதை எதற்கு எழுதுகிறேன், ரோஸ்லின் கேட்டது கையைப் பற்றித்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

குடி கெட்டது.

நாளைக்கு ஆயுத பூஜை. வீடு கழுவி, கிரைண்டர், தையல் மெஷின், இவருடைய ஸ்பானர்கள் எல்லாம் துடைத்து வைத்தேன். துப்பாக்கியைத் துடைக்க எடுத்தபோதுதான் நினைவு வந்தது. பொட்டு!

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்கு இவரே தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஒரே இடம், விசைக்கு மேலே கட்டையில். அதை அழித்துத் துடைக்கவும் விடமாட்டார். அப்படியே ஊறி ஊறி அந்த இடத்தில் மரம் சிவந்து கிடக்கும். அந்த நாளில் நான் பொரி கடலை, சுண்டல் என்று அல்லாடுவேன், சக்களத்தி மூஞ்சியை யார் பார்த்தது? வெட்டை நினைவு வைத்து, வாரை நினைவு வைத்து, பொட்டை விட்டுவிட்டேன். இந்தக் கட்டையில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது.

குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ரோஸ் கலரில் அசடு வழிந்து நிற்கிறது. மரம் குடிக்கவில்லை. முருகா, நாளைக்கு ஒரு நாள் இவர் கண்ணை மறைத்துவிடு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

எல்லாவற்றையும் பரப்பி, துப்பாக்கியை மட்டும் பொட்டு வைக்கிற பக்கம் கீழே போகும்படி கவிழ்த்து வைத்தேன். மேலே ஒரு முழம் சாமந்தியும் போட்டேன். இவர் குளித்து, வேட்டி கட்டி வந்து உட்கார்ந்தார். சந்தனக் கிண்ணத்தை இடது கையில் பிடித்துக்கொண்டார். அது ஆடாமல் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே சூடம் காட்டியிருப்பேன்.

ஸ்பானருக்கு வைத்தார், கிரைண்டருக்கு வைத்தார், என் அரிவாள்மனைக்கு வைத்தார். துப்பாக்கியிடம் வந்து, பூவை எடுத்துவிட்டு, அதைத் திருப்பினார். பெருவிரல் நேராக விசைக்கு மேலே அந்த இடத்துக்குப் போனது. ரோஸ் கலர் விரலில் ஒட்டிக்கொண்டது. விரலையே பார்த்தார்.

சந்தனம் வைத்தார். அதன்மேல் குங்குமம் வைத்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"மேல இருக்கறவளையும் எறக்கிக்கிட்டு வா அம்மிணி. நல்ல நாளு அதுவுமா மூளியா விடக்கூடாது."

ஸ்டூல் போட்டு ஏறி, இறக்கிக்கொண்டு வந்து, சுங்குடிச் சேலையைப் பிரித்தேன். எண்ணெய்த் துணியைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, சொன்னதைச் செய்திருக்கிறாய் என்றார். அப்போதுதான் எனக்கு ஸ்பானர் புரிந்தது. காது மந்தமும் புரிந்தது. தேத்தண்ணியும் புரிந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தாரணி போட்ட வெட்டு பழையதில் சோத்தாங்கைப் பக்கம், நான் போட்ட வெட்டு நொட்டாங்கைப் பக்கம். அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்துவிட்டது.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"கையில குடுத்தயே, அப்பவே."

"அப்பறம் ஏனுங்க சொல்லல? என்னைக் கோமாளியாக்கிட்டு..."

குங்குமக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆனதுலருந்து நான் எத்தன மூடி அடிச்சிருப்பேன். நீ ஒரு நாளு அந்தப் படியத் தாண்டி வந்திருக்கியா? இது வந்துதான் உன்னைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. சொல்லிப்போட்டா நீ உள்ள போயிருவியேன்னு இருந்தேன்."

சந்தனக் கிண்ணத்தை இவர் பக்கம் நகர்த்தினேன். பழையவளுக்குப் பொட்டு வைத்தார். சிவந்த இடத்தில் சிவப்பு போய் உட்கார்ந்தது. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது என்பதால் இரண்டும் அப்படியே இரவெல்லாம் சேர்ந்து கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிறகு ஒன்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்படியானால் கை தேறியதும் நடிப்புதானா என்று. "இந்த அலுமினியத்தத் தூக்கறதுக்கே என்ற உசுரு போய் வந்துச்சு. அது நடிப்பில்ல" என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. வரதராஜுலு வந்தார். முடிவை இவரே சொன்னார். பழையதைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

நான்தான் தாங்கமாட்டாமல், வேண்டாமுங்க, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், கை இன்னும் தேறினால் தூக்கிவிடலாம் என்று நடுவில் விழுந்தேன். இவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். தூக்காத துப்பாக்கி பரணில் கிடந்தால் துருதான் பிடிக்கும், அவர் வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் நன்றாக இருக்கும் என்றார். சொல்லிவிட்டு ஒரு முறை அதன் குழலைத் தடவினார். இடது கையால்தான் தடவினார்.

கார் வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போனேன். சுங்குடிச் சேலையையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். "தம்பி, ஆயுத பூஜைக்கு அந்த எடத்துலயே பொட்டு வெச்சிருங்க. அழிச்சுத் தொடச்சுறாதீங்க" என்றேன். வைக்கிறேன் அக்கா என்றார். கார் திரும்புகிற வரைக்கும் நின்றிருந்தேன். ஒரு சக்களத்தியை அனுப்பிவிட்டு எவளாவது தெருவில் நின்று அழுவாளா? நான் அழுதேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்றைக்கு என்னைச் சுடச் சொன்னார். மாட்டேன் என்றேன், விடவில்லை. எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. இரண்டையும் மூடிக்கொண்டு சுட்டேன். கொட்டகை ஓட்டில் பட்டு ஒரு ஓடு தெறித்தது.

இடது கை: எழுந்தது. வலது கையிடம் போனது. கைதட்டினார்.